பில்லைப் பத்திரப்படுத்துங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தீபாவளிக்கு எடுத்த சுடிதார் முதல் துவையலிலேயே சாயம் போய்விட்டது. கடையில் போய்க் கேட்டால், பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். இத்தோடு விட்டுவிட வேண்டியதுதானா?
(வாசகி, கோவை)

பதில்: விடாதீர்கள். பில்லின் அடியில் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், அதனால் அது சட்டமாகிவிடாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகவே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். கலர் பிடிக்கவில்லை, நாத்தனார் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டார் என்பதெல்லாம் குறையில் சேராது, அங்கே மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு. முதல் துவையலில் சாயம் போவது குறைதான்.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினாலும் சரி, ஆனால் வாய்வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே போடலாம், இது புதுச் சட்டத்தில் வந்த மிக நல்ல மாற்றம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரும்பாலான கடைகள் அதுவரை போக விடுவதில்லை, எழுத்தில் ஒரு புகார் வந்ததுமே பேச்சின் தொனி மாறிவிடும்.

இன்னொன்று. இப்போது கடைகளில் தருகிற பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகிற வழவழப்புத் தாள். பர்ஸில் மடித்து வைத்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.


கேள்வி: மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கிறோம். ஒரே மாதிரியான ஆரத்துக்கு ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், அடுத்த கடையில் 19 சதவீதம். இந்தச் சேதாரம் யாருக்குப் போகிறது?
(வாசகி, மதுரை)

பதில்: அம்மா, நியாயமான கேள்வி, ஆனால் இதைக் கடையில் உட்கார்ந்து கேட்க நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். கூல்டிரிங்க்ஸ் கொடுத்து உபசரித்துவிட்டார்களே, இனி எப்படிக் கணக்குக் கேட்பது என்று.

ஆசாரி கையால் நகை செய்த காலத்தில் சேதாரத்துக்கு அர்த்தம் இருந்தது. தங்கத்தை உருக்கும்போது, அறுக்கும்போது, அராவும்போது, மெருகு போடும்போது கொஞ்சம் போகும், அதற்கான ஈடு அது. இன்றைக்குப் பெரும்பாலான நகைகள் மெஷினில் வருகின்றன, சிதறுகிற தூளையும் சேர்த்தெடுத்து மறுபடி உருக்குகிறார்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட விலைக்கு வாங்கிப்போய்ச் சலித்துத் தங்கம் எடுப்பவர்கள் உண்டு. ஆக, 19 சதவீதத் தங்கம் உண்மையில் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. சேதாரம் என்ற பெயரில் கடையின் லாபம், வாடகை, விளம்பரச் செலவு எல்லாம் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. லாபம் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எல்லாரும் பிழைக்க வேண்டும். அதை லாபம் என்று எழுதட்டும் என்கிறேன்.

கணக்காகப் பாருங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், 8 கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 18 சதவீதம் என்றால் 1.44 கிராம், அதாவது 14,400 ரூபாய். இரண்டும் சேர்ந்த 94,400க்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி, 2,832 ரூபாய். மொத்தம் 97,232. ஹால்மார்க் கட்டணம், சில கடைகளில் செய்கூலி என்று இன்னொரு வரி, இதெல்லாம் தனி. நாளைக்கு ஒரு அவசரத்துக்கு அதே நகையை விற்கப் போனால் அந்த 8 கிராமுக்குத்தான் விலை, கல் வைத்த நகை என்றால் அதிலும் கழிவு. அதே நகைக்குச் சேதாரம் 10 சதவீதம் என்று பேசி முடித்திருந்தால் வரியோடு சேர்த்து 6,592 ரூபாய் மிச்சம். ஒரு பவுனுக்கே இவ்வளவு என்றால், கல்யாணத்துக்கு எடுக்கிற பவுனை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எனவே விலைப் பலகையில் இருக்கும் கிராம் விலையை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே ஊரில் அது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும், பேரம் முழுக்கச் சேதாரத்தில்தான். கல் எடையைக் கழித்து நிகர எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், கல்லுக்குத் தங்க விலை கொடுக்காதீர்கள். நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 என்ற தர எண், எச்யுஐடி என்கிற ஆறு இலக்கக் குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் விற்கக் கூடாது. எழுத்து பொடிசாக இருக்கும், கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் அங்கேயே தட்டினால் நகையின் வகை, தரம், எந்த மையத்தில் சோதித்தார்கள் என்ற விவரம் எல்லாம் வரும். கையில் இருப்பது மோதிரம், செயலியில் வருவது கம்மல் என்றால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். தரம் குறைவாக இருந்தது நிரூபணமானால் குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நகைச் சீட்டு கட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. 11 மாதச் சீட்டு என்று ஏன் வைக்கிறார்கள் தெரியுமா? கம்பெனிகள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கணக்கு முடிக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட்டுக்கான கெடுபிடிகள் எல்லாம் வந்துவிடும். வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கிற 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இந்தச் சீட்டுக்குக் கிடையாது. கட்டுகிறவர்கள் கட்டுங்கள், ஆனால் அட்டையில் மாதாமாதம் பணமாக வரவு வைக்கிறார்களா, அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். விலை ஏறுகிற காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.


கேள்வி: வெளியூர் பஸ் நிற்கிற மோட்டலில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்கு விற்கிறார்கள். கேட்டால் 'இஷ்டமிருந்தா வாங்கு' என்கிறார்கள்.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: கவுண்டரில் நின்று பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் அது கடைச் சரக்கு, அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு, ஏனென்றால் அந்த விலையிலேயே எல்லா வரியும் அடக்கம். 'கூலிங் சார்ஜ்' என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலில் பரிமாறும் பாட்டிலுக்கு மட்டும் கதை வேறு. அங்கே இடம், சேவை எல்லாம் சேர்ந்தது என்று சொல்லி, கூடுதல் விலை வாங்கலாம் என உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டல்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள். நடுராத்திரியில், வேறு கடையே இல்லாத இடத்தில், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவரிடம் 'இஷ்டமிருந்தா வாங்கு' என்பது எந்த வியாபாரத்திலும் சேர்த்தியில்லை. புகாரைத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கு அனுப்புங்கள். பில்லோ, யுபிஐயில் பணம் போன விவரமோ, பாட்டிலின் படமோ இருந்தால் போதும்.


கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக வேலை செய்கிறேன். காலையில் நின்றால் ராத்திரி வரை நிற்க வேண்டும். கால் வீங்கிப்போகிறது. உட்கார ஸ்டூல் கேட்டால் சூப்பர்வைசர் 'கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க' என்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம்.

பதில்: சகோதரி, ஸ்டூல் உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், அது 1947ஆம் வருடத்துச் சட்டம், 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இடவசதி செய்து தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நமக்கு முன்னால் 2018இல் கேரளா. அங்கே அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைகளில் நின்ற பெண்கள், முதலில் கழிப்பறை கேட்டு, அப்புறம் உட்காரும் உரிமை கேட்டு, வருடக்கணக்கில் போராடியதில் வந்தது.

'கஸ்டமர் என்ன நினைப்பாங்க' என்பதற்கு கஸ்டமராகவே பதில் சொல்கிறேன். பெரிய ஜவுளிக்கடைகளின் மாடிகளில் கவனித்துப் பாருங்கள், ஆள் இல்லாத நேரத்தில் பெண்கள் ஒரு காலை மடக்கி ரேக்கில் சாய்ந்து நிற்பார்கள், சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் நிமிர்ந்துவிடுவார்கள். ஐம்பது புடவையைப் பிரித்துக் காட்டி, எதுவும் எடுக்காமல் நாம் எழுந்து போன பிறகு அத்தனையையும் மறுபடி மடித்து அடுக்குவதும் அவர்கள்தான். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. நாம் உட்கார மெத்தை போட்டிருக்கிற கடை அவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட முடியாதா? புடவை எடுக்கப் போகிறவர்கள் மேனேஜரிடம் இதை நேராகவே கேளுங்கள். கடைக்காரருக்கு இன்ஸ்பெக்டரை விட வாடிக்கையாளரிடம் பயம் அதிகம்.

உங்களுக்கு: தனியாகப் போய்க் கேட்காதீர்கள், வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு ஒரு கடிதம், கடையின் பெயரும் தெருவும் போதும், உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதிலேயே எழுதலாம். கூடவே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பண்டிகைக்கு ஐந்து நாள், ஆக மொத்தம் வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு உங்களுக்கு உண்டு. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இதையும் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.


கேள்வி: ஐடி கம்பெனியில் இருக்கிறேன். ராத்திரி 11 மணிக்கும் மேனேஜர் மெசேஜ் அனுப்புகிறார், பதில் போடாவிட்டால் மறுநாள் முகம் மாறுகிறது. யூனியன் எல்லாம் ஆலைத் தொழிலாளிக்குத்தானே?
(வாசகர், சென்னை)

பதில்: இல்லை. ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 1918இல் இதே சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பி.பி.வாடியா, திரு.வி.க. துணையோடு சங்கம் தொடங்கியபோது, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இங்கேதான். அன்றைக்குத் தட்டுச் சோறு நிம்மதியாக இறங்க இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்கள், இன்றைக்கு நீங்கள் ராத்திரித் தூக்கம் கேட்கிறீர்கள். கேட்பது அதே நேரத்தைத்தான்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிற தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததில் சில நாளிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எதிர்ப்பு இல்லாதிருந்தால் அது இன்றைக்கு நடைமுறையில் இருந்திருக்கும். பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 முதல், வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே எம்.பி. இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை ஒன்று செய்யுங்கள். இரவு மெசேஜ்களை அழிக்காதீர்கள், தேதி நேரத்தோடு இருக்கட்டும். உங்கள் டீமில் இன்னும் எத்தனை பேருக்கு இதே தொல்லை என்று கேளுங்கள். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கிற பெண்களை முதலில் கேளுங்கள், அவர்கள்தான் சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போகிறார்கள்.


கேள்வி: பெண்களுக்கு இலவச பஸ், மாதம் ஆயிரம் ரூபாய். நாங்கள் கட்டுகிற வரியில் ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகிறார்களே?
(வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, கோபம் புரிகிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. வரி கட்டுகிறவர் வேறு, இலவசம் வாங்குகிறவர் வேறு என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? சோப்புக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்குப் பிறகுதான் 5 ஆனது. வீட்டு வேலை செய்கிற அம்மா சோப்பு வாங்கும்போதெல்லாம் நீங்கள் கட்டிய அதே வரியைத்தான் கட்டியிருக்கிறார்.

காலை ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். பூக்கூடை, கீரைக்கட்டு, சாப்பாட்டுத் தூக்கு, பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் தரை துடைக்கப் போகிறவர், மகள் பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி. இதில் சோம்பேறி யார்? முன்பு அவர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு, இலவசம் வந்த 2021 மே மாதத்திலிருந்து குழந்தையின் டியூஷனுக்கோ பாலுக்கோ போகிறது, அந்தக் காசும் அதே ஊர்க் கடையில்தான் புழங்குகிறது. வேலைக்குப் போக ஐம்பது ரூபாய் பஸ் செலவு என்றால் வீட்டில் 'போகாதே' என்று சொல்லிவிடுவார்கள், செலவே இல்லை என்றால் அந்த வார்த்தை வராது. 1920இல் நீதிக்கட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போட்டதும், காமராஜர் 1956இல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்ததும் வீண்செலவு என்றுதான் அப்போது பேசினார்கள். 2019இல் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்குக் குறைத்தபோது யாரும் கம்பெனி முதலாளிகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று கவலைப்படவில்லை.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மட்டும்தான் இலவசம், அந்தப் பஸ் பல வழித்தடங்களில் எப்போது வரும் என்றே தெரியாது. பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பில் நிறுத்தாமல் போகிற டிரைவர்கள் இருக்கிறார்கள், 'ஓசி' என்று ஜாடை பேசுகிற கண்டக்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பினால் நானும் கூட நிற்பேன்.


கேள்வி: எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை. நோட்டாவுக்குப் போட்டால் என்ன?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: போடலாம்மா, 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த உரிமை. ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் ஜெயித்தவர். 2024இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கு மேல் விழுந்தது, எம்.பி. டெல்லிக்குப் போய்விட்டார். எனக்கென்னவோ, இருப்பவர்களில் ஓரளவு தேவலாம் என்று தோன்றுகிறவருக்குப் போட்டுவிட்டு, ஐந்து வருடமும் அவரை விடாமல் கேள்வி கேட்பது மேல் என்று தோன்றுகிறது.


கேள்வி: ஓட்டுக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாமே, என்ன தப்பு?
(வாசகர், கரூர்)

பதில்: கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி என்பதுதான் சட்டம். உங்கள் பக்கத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016இல் தேர்தலையே நிறுத்தினார்கள், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர். சட்டத்தை விடுங்கள். பணம் கொடுத்தவர் ஜெயித்த பிறகு உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால், 'சும்மாவா போட்டே' என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே வாங்கக் கூடாது என்கிறேன்.


கேள்வி: எங்கள் ஊரில் தெருவிளக்கு எரிந்து பல மாதம் ஆகிறது. யாரிடம் சொன்னாலும் பார்க்கலாம் என்கிறார்கள்.
(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் தெருப் பெண்களோடு போய் உட்காருங்கள். குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு, 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர் வர வேண்டும், எனவே ஆள் சேர்ந்தால்தான் கூட்டமே செல்லும். அந்த நாளில் உங்கள் கூட்டத்துக்கு மதிப்பு அதிகம். எத்தனை கம்பத்தில் விளக்கு இல்லை என்று கம்ப எண்ணோடு எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லி, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது.

அதன் பிறகும் எரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 'ஏன் எரியவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். 'கடந்த ஒரு வருடத்தில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவான தொகை, வாங்கிய பல்புகளின் எண்ணிக்கை, அதற்கான பில் நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பில் நகல் என்ற சொல்லைப் பார்த்ததும் அனேகமாக அதற்கு முன்பே ஏணியோடு ஆள் வந்துவிடும். வந்தாலும் மனுவைத் திரும்ப வாங்காதீர்கள், அந்தக் கணக்கை அடுத்த கிராம சபையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.